தாய்க்கோயிலுக்கு விளக்குக் கொடுத்த கிளைக்கோயில்



இந்த மாத உரையில் உங்களை யப்பானுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன். யப்பான் என்றதும் தோக்கியோ நகரத்து வெளிச்சமும் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிமறையும் ரயிலும்தான் எங்கள் நினைவுக்கு வரும். நாங்கள் இன்றைக்குப் போவது அந்தப் பக்கம் இல்லை. நாட்டின் வடகிழக்கே யமகதா என்றொரு மாகாணம். அங்கே ஒரு மலை, மலையில் ஒரு பழைய பௌத்த கோயில், அந்தக் கோயிலில் ஒரு விளக்கு. அந்த விளக்கின் வரலாற்றைக் கேட்ட நாளிலிருந்து அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை.

என் மகள் செண்டாய் நகரத்தில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நானும் மனைவியும் நான்கு தடவை அவளைப் பார்க்கப் போனோம். விமானச் சீட்டு எப்போது மலிவாகக் கிடைத்ததோ அப்போது போனோம். அதனால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பருவம் வாய்த்தது. மெல்பேர்ணில் குளிர் என்றால் அங்கே வெயில். இங்கே வெயில் என்றால் அங்கே முழங்கால் அளவு பனி. நான்கு தடவையும் மகள் எங்களை அந்த மலைக்கு அழைத்துப் போனாள்.

கோயிலின் முறையான பெயர் ரிஷ்ஷக்குஜி. ஆனால் எல்லோரும் ‘யமதேரா’ என்றே சொல்கிறார்கள். ‘யம’ என்றால் மலை, ‘தேரா’ என்றால் கோயில். மலைக்கோயில், அவ்வளவுதான். செண்டாயிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ரயில் நிலையத்தின் பெயரும் யமதேராதான். இறங்கி அண்ணாந்து பார்த்தால் பாறை முகட்டில் ஒட்டிவைத்ததுபோல மரக்கட்டடங்கள் தெரியும். அடிவாரத்திலிருந்து உச்சிவரை 1015 படிகள்.

முதல் தடவை நாங்கள் போனது யூலை மாதம். நல்ல புழுக்கம். “அப்பா, உங்கட முழங்கால் தாங்குமோ?” என்று மகள் கேட்டாள். “கதிர்காம மலை ஏறின கால் பிள்ளை இது” என்று சொல்லிப்போட்டு ஏறத் தொடங்கினேன். இருநூறாவது படியிலேயே மூச்சு வாங்கிவிட்டது. இருபுறமும் வானுயர்ந்த சீடார் மரங்கள். காற்றிலும் மழையிலும் அரித்துத் துளைதுளையாகிப் போன பாறைகள். அந்தக் காடு முழுவதும் சில்வண்டுகளின் சத்தம். எங்கள் ஊர்ப் பனங்கூடல்களில் பின்னேரத்தில் கேட்குமே, அதைப்போலப் பல மடங்கு.

அந்தச் சத்தத்தால்தான் இந்த மலை யப்பான் முழுவதும் பெயர்பெற்றது. 1689ஆம் ஆண்டு கோடையில் மட்சுவோ பாஷோ என்ற கவிஞர் தம் சீடர் சொராவுடன் வடக்கு நோக்கிக் கால்நடையாகப் பயணம் செய்தார். ஒபனசாவா என்ற ஊரில் தங்கியிருந்தபோது, மலைக்கோயிலைப் பார்க்காமல் போகாதீர்கள் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். அதற்காகவே வழியை மாற்றி, ஏறத்தாழ 28 கிலோமீற்றர் தூரம் கடந்து இங்கே வந்தார். பாறைக்குள் ஊறிச் செல்வதுபோன்ற சில்வண்டின் ஓசையையும் மலையின் அமைதியையும் சேர்த்து அவர் பாடிய ஹைக்கு, யப்பானியப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும் கவிதைகளில் ஒன்று. படிகளின் வழியில் ‘சில்வண்டு மேடு’ என்றொரு நினைவுக்கல் இருக்கிறது. 1751இல் நாட்டப்பட்டது.

அந்தச் சில்வண்டு எந்தச் சாதிச் சில்வண்டு என்று 1920களில் யப்பானில் பெரிய வாதம் நடந்தது. யமகதாவில் பிறந்த கவிஞரும் மருத்துவருமான சைத்தோ மொகிச்சி ஒரு வகையைச் சொன்னார். கொமியா தொயோத்தக்கா என்ற அறிஞர், பாஷோ வந்த யூலை நடுப்பகுதியில் அந்த வகை இந்த மலையில் கத்தத் தொடங்கியிருக்காது, அது சிறிய வேறொரு வகைதான் என்றார். மொகிச்சி விட்டுக்கொடுக்கவில்லை. மலையிலிருந்து சில்வண்டுகளைப் பிடிப்பித்து ஆராய்ந்தார். கடைசியில் தான் சொன்னது பிழை என்று ஒப்புக்கொண்டார். ஒரு கவிதையின் ஒரு சொல்லுக்காக இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள்.

இரண்டாம் தடவை நவம்பர் தொடக்கத்தில் போனோம். இலையுதிர் காலம். மேப்பிள் மரங்கள் குங்குமச் சிவப்பாகவும் மற்றவை மஞ்சளாகவும் இருந்தன. சனமும் திருவிழாச் சனம்தான். அடிவாரத்துக் கடைகளில் ‘கொன்னியாக்கு’ என்ற உருண்டைகளைச் சோயாச் சாற்றில் அவித்துக் குச்சியில் குத்தி விற்கிறார்கள். அது ஒரு கிழங்கிலிருந்து செய்வது. எங்கள் கரணைக்கிழங்கின், அதாவது இந்தியத் தமிழர் சேனை என்று சொல்லும் கிழங்கின், நெருங்கிய உறவுக் கிழங்கு அது. மலையேறப் பலம் தருமாம். மனைவி இரண்டு குச்சி வாங்கினாள். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்தப் பயணத்தில்தான் கோயிலை நிறுவியவரைப் பற்றி விசாரித்தேன். அவர் பெயர் என்னின். 794இல் பிறந்த பௌத்த துறவி. கியோத்தோவுக்கு அருகேயுள்ள ஹியேய் மலையில், சைச்சோ என்ற மகானிடம் படித்தவர். சைச்சோ 788இல் அந்த மலையில் சிறு கோயில் ஒன்றை எழுப்பினார். அதுதான் பின்னாளில் என்ரியாக்குஜி என்ற பெரும் மடமாக வளர்ந்தது.

என்னின் 838இல் யப்பானியத் தூதுக்குழுவோடு சீனாவுக்குக் கப்பலேறினார். அதற்கு முன் இரண்டு தடவை புறப்பட்டுப் புயலால் திரும்பியிருந்தார்கள். சீனாவில் அவர் போக விரும்பிய புனித மலைக்குப் போக அனுமதி கிடைக்கவில்லை. தூதுக்குழு நாடு திரும்பியபோது அவர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார். நேயர்களே, இன்றைய பேச்சில் சொல்வதானால் விசா இல்லாமல் தங்கிவிட்டார். அதிகாரிகளிடம் பிடிபட்டார். விளக்கக் கடிதங்கள் எழுதினார். பயணப் பத்திரம் கேட்டு மனு மேல் மனுப் போட்டார். அவருக்குக் கைகொடுத்தவர்கள் யார் தெரியுமா? சீனக் கரையோரத்தில் குடியேறி வாழ்ந்த கொரியர்கள். சிலா நாட்டிலிருந்து வந்த அவர்கள் ஷாந்தோங் பகுதியில் கட்டியிருந்த கோயிலில் ஒரு குளிர்காலம் முழுவதும் அவருக்கு இடம் கொடுத்தார்கள். பத்திரம் எடுப்பதற்கும் உதவினார்கள். அந்நிய மண்ணில் தங்கள் கோயிலைக் கட்டி வாழ்ந்த ஒரு சமூகம், இன்னொரு அந்நியனுக்குக் கூரை கொடுத்தது.

பிறகு தலைநகர் சாங்கானில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் படித்தார். அங்கே அவருக்கு இந்திய எழுத்து முறையையும் உச்சரிப்பையும் சொல்லிக்கொடுத்தவர் தென்னிந்தியாவிலிருந்து போயிருந்த ஒரு துறவி. சீனப் பெயர் பௌயூவே. அந்தத் துறவி எந்த ஊரவர், வீட்டில் என்ன மொழி பேசினார் என்று அறிய எனக்கும் ஆசைதான். தென்னாட்டவர் என்பதற்கு மேல் நான் எதையும் சேர்த்துச் சொல்லப்போவதில்லை.

845இல் சீனப் பேரரசர் வூசோங் பௌத்தத்தின்மேல் கடும் ஒடுக்குமுறையை நடத்தினார். ஆயிரக்கணக்கான கோயில்கள் இடிக்கப்பட்டன. பத்திரம் இல்லாத வெளிநாட்டுத் துறவிகள் துறவு நீங்கி நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று கட்டளை வந்தது. என்னின் துறவாடையைக் களைந்து சாதாரண உடுப்பு உடுத்தி, சேகரித்த ஏடுகளோடு சாங்கானைவிட்டுப் புறப்பட்டார். வழியில் மீண்டும் அதே கொரியர்கள்தான் உதவினார்கள். ஏடுகளில் ஒரு பகுதியை ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர் ஒரு கொரிய மொழிபெயர்ப்பாளர். 847இல் கொரிய வணிகர்களின் கப்பலில் அவர் யப்பான் திரும்பினார். இந்தக் கதை எல்லாம் அவரே எழுதிய நாட்குறிப்பில் இருக்கிறது. நான்கு பாகங்கள் கொண்ட அந்த நாட்குறிப்பை எட்வின் ரைஷவர் என்ற அமெரிக்க அறிஞர் 1955இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

என்னின் 854இல் ஹியேய் மலை மடத்தின் தலைவரானார். 860இல் யமதேராவை நிறுவினார் என்பது கோயில் மரபு. அவரே இவ்வளவு தூரம் வந்தாரா, சீடர்களை அனுப்பினாரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 864இல் அவர் காலமானார். அவருடைய உடல் இந்த மலைக் குகையில் இருக்கிறது என்று ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். 1948இல் குகையைத் திறந்து ஆராய்ந்தபோது பொற்தகடு போர்த்த பேழையும், ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகளும், மரத்தில் செதுக்கிய ஒரு தலையும் கிடைத்தன.

இனி விளக்கின் கதைக்கு வருவோம். அதை நாங்கள் கேட்டது மூன்றாம் பயணத்தில், பெப்ரவரி மாதத்தில். படிகளெல்லாம் பனி. கைபிடியைப் பிடித்துப் பிடித்து ஏற வேண்டியிருந்தது. பாறை நுனியில் நிற்கும் சிறிய சிவப்பு மண்டபத்தின் கூரையில் வெள்ளைப் பனி குந்தியிருந்தது. நாங்கள் பாதி வழியில் திரும்பி, அடிவாரத்தில் உள்ள கொன்போன் சூதோ என்ற பிரதான மண்டபத்துக்குள் குளிருக்கு ஒதுங்கினோம். 1356இல் எழுப்பப்பட்ட மண்டபம். பீச் மரத்தால் கட்டிய கட்டடங்களில் யப்பானில் இதுவே மிகப் பழையது என்கிறார்கள். உள்ளே நோய் தீர்க்கும் புத்தரின் உருவம். அந்த இருட்டில் ஒரு சிறிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அங்கிருந்த முதியவர் ஒருவர் அதன் கதையைச் சொல்ல, மகள் எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

ஹியேய் மலையில் சைச்சோ 788இல் ஏற்றிய விளக்கு அணையாமல் எரிய வேண்டும் என்பது அவருடைய வேண்டுதல். யமதேரா தோன்றியபோது அந்த விளக்கிலிருந்து சுடர் எடுத்து இங்கே கொண்டுவந்து ஏற்றினார்கள். நேர்கோட்டில் அளந்தாலே ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ரயில் இல்லாத காலம். காற்றுக்கும் மழைக்கும் பொத்திப் பொத்தி மனிதர் கையில் வந்த சுடர் அது.

காலம் ஓடியது. 1521இல் இந்தப் பகுதிச் சிற்றரசர்களுக்குள் சண்டை. யமதேரா ஒரு பக்கம் சாய்ந்ததால் மற்றப் பக்கத்துத் தெந்தோ படைகள் வந்து எரித்தன. விளக்கும் போயிற்று. இருபது ஆண்டுகளுக்கு மேல் கோயில் அந்தச் சுடரில்லாமல் கிடந்தது. 1543இல் மீண்டும் ஹியேய் மலைக்குப் போய்ச் சுடர் கேட்டு வாங்கிவந்து ஏற்றினார்கள்.

அதற்குப் பிறகு 28 ஆண்டுகள்தான். 1571 செப்ரெம்பர் 30. யப்பானை ஒரு குடைக்கீழ்க் கொண்டுவரப் போர் நடத்திய ஒத நொபுநாக, தன் எதிரிகளுக்கு இடம் கொடுத்தது என்பதற்காக ஹியேய் மலையைச் சுற்றிவளைத்தான். அடிவாரத்திலிருந்து தீ வைத்துக்கொண்டே மேலே ஏறினார்கள். துறவிகள், மலையில் ஒதுங்கியிருந்த பெண்கள், பிள்ளைகள் என்று பாராமல் கொன்றதாக அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. பிற்கால அகழாய்வுகளைக் கொண்டு, எரிந்த கட்டடங்களின் தொகை குறைவாக இருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. தலைமை மண்டபம் எரிந்தது, விளக்கு அணைந்தது என்பதில் சந்தேகமில்லை. எழுநூற்று எண்பது ஆண்டுகளுக்கு மேல் எரிந்த சுடர் ஒரே நாளில் போயிற்று.

1582இல் நொபுநாக இறந்தான். அவனுக்குப் பின் வந்த ஹிதெயோஷி ஹியேய் மலையைத் திரும்பக் கட்ட அனுமதித்தான். கட்டடத்தை மரம் வெட்டிக் கட்டலாம். சுடருக்கு எங்கே போவது? அப்போதுதான் அந்தத் தொலைதூர மலைக்கோயிலின் ஞாபகம் வந்தது. 1580களில் யமதேராவின் விளக்கிலிருந்து சுடர் எடுத்து, அத்தனை தூரமும் திரும்பக் கொண்டுபோய் ஹியேய் மலையில் ஏற்றினார்கள். இன்றைய ஹியேய் மலைத் தலைமை மண்டபம் 1642இல் கட்டி முடிந்தது. அங்கே எரியும் சுடர் யமதேராவிலிருந்து போன சுடர்.

ஹியேய் மலை விளக்குக்குத் தானியங்கி ஏற்பாடு ஒன்றும் இல்லை. காலையும் மாலையும் துறவிகள் கையால் எண்ணெய் விடுகிறார்கள். யப்பானிய மொழியில் கவனக்குறைவுக்கு ‘யுதான்’ என்று ஒரு சொல் உண்டு. எழுத்துப்படி பார்த்தால் ‘எண்ணெய் அற்றுப்போதல்’. இந்த விளக்கிலிருந்துதான் அந்தச் சொல் பிறந்தது என்று அங்கே சொல்வார்கள். சொல்லின் பிறப்புக்கு வேறு விளக்கங்களும் உண்டு. ஆனாலும் ஒரு நாள் மறந்தால் போதும் என்பது உண்மைதானே.

முதியவர் சொல்லி முடித்ததும் மகள் என்னைப் பார்த்துக் கேட்டாள். “அப்பா, அப்ப எது உண்மையான விளக்கு? அங்க இருக்கிறதோ, இங்க இருக்கிறதோ?”

எனக்கு உடனே மறுமொழி வரவில்லை. எனக்கு வேறொரு விளக்கு நினைவுக்கு வந்திருந்தது. 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தைவிட்டு எல்லோரும் வெளிக்கிட்ட இரவு. மழை. வாசலில் சைக்கிளில் மூட்டை கட்டியாயிற்று. அம்மா மட்டும் வரவில்லை. போய்ப் பார்த்தேன். சாமி அறையில் தூண்டாமணி விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு நிற்கிறா. “நூர்த்துப்போட்டு வாங்கோ அம்மா, நேரமாகுது” என்றேன். “நூர்க்கிறதில்லை தம்பி. நிறைய விட்டிருக்கிறன். எரியிற மட்டும் எரியட்டும்” என்றா. அந்த வீட்டுக்கு நாங்கள் திரும்பவில்லை. அந்த எண்ணெய் எத்தனை மணி நேரம் நின்றதோ.

நான்காம் தடவை சித்திரை மாதக் கடைசி. அடிவாரத்தில் செர்ரிப் பூக்கள். அந்த முறை உச்சிவரை ஏறினோம். வழியில் சக்கரம் பொருத்திய மரக் கம்பங்கள் நிற்கின்றன. முந்திய பயணங்களில் அவற்றை நான் கவனிக்கவில்லை. இளவயதில் இறந்தவர்களுக்காக உறவினர் நிறுத்துவது. புத்தரின் பெயரைச் சொல்லிச் சக்கரத்தைச் சுற்றினால், இறந்த பிள்ளை விரைவில் மீண்டும் மனிதப் பிறவி எடுக்கும் என்பது நம்பிக்கை. இந்த மலை இறந்தவர்களின் ஆவி வந்து தங்கும் மலை என்பது ஊராரின் பழைய எண்ணம். மணமாகாமல் இறந்த பிள்ளைக்குத் திருமணம் நடப்பதுபோல ஒரு படம் வரைந்து கோயிலுக்குக் கொடுக்கும் வழக்கமும் இந்த வட்டாரத்தில் உண்டு. போரில் இறந்த மகன்களுக்காகவும் பெற்றோர் கொடுத்திருக்கிறார்கள். படத்தில் வரும் மணப்பெண் கற்பனைப் பெண்ணாக இருக்க வேண்டும். உயிரோடு இருப்பவரை வரையக்கூடாது.

மனைவி ஒரு சக்கரத்தின் முன் நின்றாள். அவளுடைய தம்பிக்கு இருபது வயது. நான் மகளைக் கூட்டிக்கொண்டு நாலு படி மேலே போய் நின்றேன். சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு அவள் வந்தாள். ஒன்றும் பேசாமல் ஏறினோம்.

உச்சிக்குச் சற்றுக் கீழே கொதைதோ என்ற மண்டபம் பள்ளத்தாக்கை நோக்கித் திறந்து நிற்கிறது. கீழே ஆறு, ரயில் பாதை, வீடுகள், பூத்த மரங்கள். அங்கே இருந்துதான் மகளின் கேள்விக்கு மறுமொழி சொன்னேன். இரண்டும் உண்மையான விளக்குத்தான் பிள்ளை. ஒரு காலத்தில் இங்கே அணைந்தது, அங்கே போய்க் கேட்டார்கள். பிறகு அங்கே அணைந்தது, இங்கே வந்து கேட்டார்கள். கேட்டதில் ஒருவருக்கும் வெட்கம் இருக்கவில்லை. கேட்டபோது கொடுப்பதற்கு மற்ற இடத்தில் சுடர் இருந்தது.

நேயர்களே, எங்கள் கூட்டங்களில் அடிக்கடி ஒரு கவலை பேசப்படுகிறது. ஊரில் இருப்பதுதான் அசல், நாங்கள் இங்கே வைத்திருப்பது நகல், பிள்ளைகளோடு அதுவும் போய்விடும் என்று. நானும் அப்படிப் பேசியவன்தான். யமதேராவைக் கட்டியவர்களும் தாங்கள் கிளைதான் என்று எண்ணித்தான் எண்ணெய் விட்டிருப்பார்கள். ஒரு நாள் தாய்க்கோயில் தங்களிடம் சுடர் கேட்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

அண்மையில் நான் படித்த பாடசாலையிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. போரில் பாடசாலை நூலகம் முழுவதும் அழிந்துவிட்டது. “உங்களிடம் பழைய ஆண்டு மலர் ஏதேனும் இருக்குதோ அண்ணை?” என்று கேட்டார்கள். என்னிடம் இருக்கவில்லை. விசாரித்தேன். இங்கே எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பேரப்பிள்ளையைக் கூட்டிவரும் ஒரு அம்மாவிடம் 1974ஆம் ஆண்டு மலர் இருந்தது. கணவர் பயணப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்ததாம். அட்டை கிழிந்துவிட்டது. உள்ளே எல்லாப் பக்கமும் இருக்கிறது. என் மகள்தான் பக்கம் பக்கமாகப் படியெடுத்து அனுப்பினாள்.

உங்கள் அலுமாரியிலும் ஏதாவது இருக்கும். ஒரு மலர், ஒரு ஒலிநாடா, அம்மம்மாவின் கையெழுத்தில் ஒரு சமையல் குறிப்பு. ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.